இடுப்பளவுத் தண்ணீர்

"மூக்கைப் பொத்திக்கொண்டு முங்கலாம்தானே?" என்று தணிந்த குரலில் கேட்டார் ஸ்ரான்லி.

கொட்டாஞ்சேனைச் சந்தையில் பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்த மெல்ரோய் நிமிரவில்லை. "பொத்தலாம் மச்சான். ஆனா பொத்தினா பாவம் வெளியால போக வழியில்லாம உள்ளுக்கே நிண்டிடும். ஆருக்குக் கேக்கிறாய்? நாளைக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போற சுபாஷினிக்கா?"

"எனக்கு."

கத்தி நின்றது.

"நீ இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல்லையா? தெமட்டகொடையில எடுத்திருப்பாய் எண்டெல்லோ நினைச்சன்."

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஸ்ரான்லி முதலில் தெமட்டகொடைச் சபைக்குப் போனவர். பிறகு கொட்டாஞ்சேனைக்கு வந்தார். அங்கே எடுத்திருப்பார் என்று இங்கே உள்ளவர்களும், இங்கே எடுத்திருப்பார் என்று அங்கே உள்ளவர்களும் நினைத்துக்கொண்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவரும் பதில் சொல்லவில்லை.

போன கிழமை சுபாஷினி கேட்டுவிட்டாள். சபைக்குப் புதிதாக வந்த பிள்ளை. "நீங்க முங்கி எழும்பினப்ப எப்படி இருந்திச்சு?" என்றாள். அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து, "சமாதானமா இருந்திச்சு மகள்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி பிறப்பதைப் பற்றி ஊருக்கெல்லாம் கதைக்கிற வாய், தன் கதையில் மட்டும் பொய் சொல்லிவிட்டதே.

"இடுப்பளவு தண்ணியில நீ கல்லுமாதிரி நிப்பியே. நானே பார்த்திருக்கிறன்" என்றார் மெல்ரோய்.

"இடுப்பு வேற, தலை வேற. சின்ன வயசில முகத்துவாரத்தில அலை இழுத்ததுக்குப் பிறகு என்ர தலை கடலுக்குள்ள போனதே இல்ல. பயத்தில பிறகு பிறகு எண்டு தள்ளிப்போட்டன். பிறகு சொல்ல வெட்கம். நாளைக்கு நீதான் என்னைப் பிடிச்சு முக்கோணும்."

"நானா? நான் மீன் வெட்டுறவன் மச்சான்."

"பேதுருவும் மீன்காரன்தான். சின்னனில இருந்து எனக்கு உன்ர கையைத் தெரியும். வேற ஆரும் பிடிச்சா நான் ஓடிவந்திடுவன்."

மெல்ரோய் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செதில் ஒட்டியிருந்தது. "கழுவிக்கொண்டு வாறன்" என்றார்.

வீட்டில் மனைவி இராமலெட்சுமிக்கு இது பிடிக்கவே இல்லை.

"ஏங்க, ஆருமில்லாத நாளாப் பாத்து தெஹிவளைக் கடல் பக்கம் போய் ஒரு முங்கு முங்கிட்டு வாங்களேன். கர்த்தர் பாத்தாப் போதாதா?"

"கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். சனத்துக்குத்தான் நான் மறைச்சனான்."

"அடுத்த ஞாயிறு அதே சனத்துக்கு முன்னுக்கு எந்த மூஞ்சோட நிப்பீங்க?"

"இந்த மூஞ்சோடதான், லெச்சுமி. வேற ஒண்டு என்னட்ட இல்லையே."

அவள் அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து, சட்டை செய்த குற்றம்போல் அழுத்தி அழுத்தி அயன் பண்ணினாள்.

ஞாயிறு விடிந்ததும் சபை வெள்ளவத்தைக் கடற்கரையில் கூடியது. தண்டவாளத்தைத் தாண்டி, கற்களில் கால் வைத்து இறங்கி, எல்லோரும் மணலில் நின்றார்கள். ஞானஸ்நானம் எடுக்க வந்தவர்கள் வெள்ளை உடுப்பில் முன்னால் நின்றார்கள். முதல் பாட்டு முடிந்தது. ஸ்ரான்லி இரண்டடி முன்னுக்கு வந்தார்.

"நான்... இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல்ல" என்றார்.

நேரம் பார்த்து, கோட்டைக்குப் போகிற ரயில் வந்தது. அவர் சொன்னதை அப்படியே விழுங்கிக்கொண்டு போனது.

இரைச்சல் அடங்கியபோது எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் மாற்றமில்லை. யாருக்கும் கேட்கவில்லை. இப்போதும் தப்பலாம். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினால் முடிந்துவிடும். அவருடைய நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது.

பின்னால் தலை துவட்டத் துவாயோடு நின்ற இராமலெட்சுமியின் குரல் கேட்டது.

"ஒண்ணும் கேக்கல்லீங்க. பலமாச் சொல்லுங்க."

அவர் பலமாகச் சொன்னார். பயத்தைச் சொன்னார், மறைத்ததைச் சொன்னார், சுபாஷினியிடம் சொன்ன பொய்யையும் சொன்னார். "இண்டைக்கு இவங்களோட சேர்ந்து நானும் எடுக்க விரும்புறன். உங்களுக்குச் சம்மதமெண்டா."

ஓர் அலை வந்து கால்களை நனைத்துவிட்டுப் போனது.

"அப்ப நீங்கதான் முதல்ல போகணும்" என்றாள் சுபாஷினி. "நான் பின்னால வாறன். எனக்கும் பயந்தான்."

யாரோ சிரித்தார்கள். யாரோ கை தட்டிப் பாடத் தொடங்கினார்கள். அது கரை முழுவதும் பரவியது.

இடுப்பளவுத் தண்ணீரில் மெல்ரோய் அவரைத் தாங்கிக்கொண்டார். "பயமா மச்சான்?"

"ஓம். முக்கு."

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னபோது மெல்ரோயின் குரல்தான் நடுங்கியது. ஸ்ரான்லியின் தலை உள்ளே போனது. பாட்டு நின்றது, வெளிச்சம் நின்றது, முதுகுக்குக் கீழே இரண்டு கைகள் மட்டும் இருந்தன. அடுத்த கணம் வானம் வந்தது. மூக்காலும் கண்ணாலும் உப்புத் தண்ணீர் வழிய, இருமலும் சிரிப்பும் அவருக்கு ஒன்றாக வந்தன. உடம்பு தக்கைபோல் இலேசாக இருந்தது.

"போதும், மேல வாங்க, குளிரப்போகுது" என்று இராமலெட்சுமி கரையிலிருந்து கூப்பிட்டாள்.

அவர் கரைக்கு வரவில்லை. நனைந்த தலையை உதறிவிட்டு, "வா மகள்" என்று சுபாஷினியிடம் கையை நீட்டினார். மெல்ரோய் உட்பட அந்தச் சபையில் ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்த அத்தனை பேரையும் இதே கடலில் முழுக்கி எடுத்த பாஸ்டர் அவர்தான்.