சனிக்கிழமைக் கோளாறு

"அந்த ஆளுக்கு வேலை தெரியல. தெரிஞ்சிருந்தா வாராவாரம் அதே கோளாறு வருமா?"

ஜெயா கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் புருஷன் காளிதாஸின் மோட்டார் சைக்கிள் சனிக்கிழமை ஆனால் திக்கும். இழுக்காது. கேட்டைத் தாண்டுவதற்குள் அணைந்துவிடும். அதை உருட்டிக்கொண்டு முனுசாமியின் பட்டறைக்குப் போவான். கார்புரேட்டரைச் சரிபண்ணிக்கொண்டு மத்தியானம்தான் திரும்புவான்.

ரெம்பியா கடைத்தெருவில் நல்ல பட்டறை இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. தோட்டத்துச் சிநேகிதன் என்றால் தலையில் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்றும் கேட்டுப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை துணி காயப்போடப் பின்பக்கம் வந்தாள். காளிதாஸ் மோட்டார் பக்கத்தில் குந்தியிருந்தான். எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கார்புரேட்டரில் காற்று ஸ்குரூவைத் தளர்த்தினான். எஞ்சின் திக்க ஆரம்பித்தது. திருப்தியாக எழுந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

மாட்டிக்கொண்டான். சொல்லித்தான் ஆகவேண்டும்.

"பொஞ்சாதி வேலாயி செத்துப் போனதுலேர்ந்து முனுசாமி பட்டறைய தொறக்கறதே இல்ல, ஜெயா. யார் வந்தாலும் திருப்பி அனுப்பிடறான். உள்ள பாயிலயே கெடக்கறான். வாசல்ல நான் முடுக்கி, என் மோட்டார் திக்கற சத்தம் கேட்டா மட்டும் எழுந்து வர்றான். கையில எண்ணெய் பட்டா நாலு வார்த்தை பேசறான். அப்புறம் ரெண்டு பேரும் கடையில போய்ச் சாப்பிடுவோம். அன்னைக்கு ஒருநாள்தான் அவன் உருப்படியா சாப்பிடறது."

"இத எங்கிட்ட சொன்னா என்ன?"

"அவன் காதுக்குப் போயிரும்லா. பாவம் பார்த்து வர்றேன்னு தெரிஞ்சா கதவ சாத்திக்குவான்."

ஜெயா துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

அதற்கடுத்த வாரம் காளிதாஸுக்கு ஆயர் குரோ தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். சனிக்கிழமை விடிந்து வீட்டுக்கு வந்தவன் அப்படியே படுத்துவிட்டான். ஜெயாதான் தட்டி எழுப்பினாள். நேரமாச்சு, போகலியா என்றாள்.

அவசரமாகக் கிளம்பினான். ஸ்குரூவைத் தொடவே இல்லை. ஆனால் மோட்டார் கருப்பாகப் புகை தள்ளியது. இழுக்கவும் மாட்டேன் என்றது. இன்றைக்கு நிஜமாகவே கோளாறு, நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

பட்டறை வாசலில் மோட்டாரை முடுக்கினான். சத்தம் கேட்டு முனுசாமி எழுந்து வந்தான். புகையைப் பார்த்தான். குனிந்து ஸ்குரூவைத் திருகிப் பார்த்தான். பிறகு காளிதாஸைப் பார்த்தான்.

"இது உன் கை இல்ல, மச்சான். நீ எப்பவும் தளர்த்தித்தானே கொண்டு வருவ. இது அடி வரைக்கும் இறுக்கியிருக்கு. தங்கச்சி வேலையா?"