அபிப்பிராய நோட்டு

ஆம்பூர் நூலகத்தில் ஒரே ஒரு நாவலுக்கென்றே தனியாக அபிப்பிராய நோட்டு போட்டிருந்தாள் நூலகர் ஜெயபுஷ்பம். வருகிற பெண்களிடமெல்லாம் அதைப் படிக்கச் சொல்லித் திணிப்பதும் அவள்தான். வீட்டைவிட்டுப் போன கதாநாயகி கடைசிவரை திரும்பி வராததுதான் கதைக்கே அழகு என்பது அவள் கட்சி.

எழுபத்தெட்டில் ஒரு நாள், தோல் பதனிடும் ஷாப்பு வாடையோடு வந்த பெரியவர் ஒருவர் மேஜைமேல் இருந்த அந்த நோட்டைச் சுட்டிக்காட்டினார்.

"இன்னாம்மா எழுதிக்கீறாங்க? எனக்குப் படிக்கத் தெரியாது."

ஜெயபுஷ்பத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. "இதைக் கேளுங்க. 'அவள் வீட்டைவிட்டு வந்து பஸ் ஏறுகிற பக்கத்தை மட்டும் பத்து தடவை படித்தேன்.' எப்படி எழுதியிருக்கா பாருங்க!"

"யாரு?"

"தனகோடின்னு ஒரு பொண்ணு. நான்தான் படிக்கச் சொன்னேன்."

பெரியவர் மஞ்சள் பையிலிருந்து அதே நாவலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எம்பொண்ணுதாம்மா. இதைத் தலைகாணி மேல வச்சிட்டுப் போய்ட்டா. நாலு நாளாச்சு, தேடாத இடமில்ல." நாவலை அவள் பக்கம் நகர்த்தினார். "கதையில அந்தப் பொண்ணு கடைசில வூட்டுக்கு வந்துடுறா இல்ல?"

ஜெயபுஷ்பம் நோட்டை மெல்ல மூடினாள்.

"நான் இன்னும் கடைசிவரைக்கும் படிக்கலைங்க."