கண்ணாடிக் குழாயில் ஓர் எலி இதயம்

ஜப்பானின் சென்டாய் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கொரு நாள், சோதனைகளில் செத்த எலிகளுக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள்.

"எலியைக் கும்பிடவா நான் ப்ரொபசர் ஆனேன்?" என்று சொல்லிக் குரோனுமா இந்த வருடம் போகவில்லை.

உதவியாளர் சிசுரு எலிகளுக்கு ஒரு சாமந்தி வைத்தாள், அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவன் மிசாவாவுக்கு இன்னொன்று. அவன் கண்டுபிடிப்பைக் குரோனுமா தன் பெயரில் போட்டுக்கொண்ட மாதம்தான் அவன் தூக்கு மாட்டிக்கொண்டான். ரத்தக்குழாயின் உட்படலம் சேதி அனுப்பி இதயத்தை ஒரு ஹார்மோன் சுரக்க வைக்கிறது, அது உடம்பின் உப்பையும் நீரையும் சிறுநீராக இறக்கிவிடுகிறது என்பது அவன் கண்டது.

அன்று காலை சிசுரு ஓர் எலி இதயத்தின் ரத்தக்குழாய் உட்படலத்தை நீக்கிக் கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் அது நின்றிருக்க வேண்டும். ஒரு வாரம் ஆகியும் இன்னும் துடிக்கிறது. சேதி அனுப்ப உட்படலமே இல்லை, ஆனாலும் அதிலிருந்து சொட்டும் நீரில் ஹார்மோன் நாளுக்கு நாள் ஏறுகிறது.

அதே ஒரு வாரமாகக் குரோனுமா கழிவறைக்கும் அறைக்குமாக அலைகிறார். மெலிந்துபோய், கோட்டு தோளில் நிற்கவில்லை.

"தண்ணி குடும்மா சிசுரு. குடிச்சதெல்லாம் அப்படியே போயிடுது."

"டாக்டரைப் பாத்தீங்களா, சென்செய்?"

"இதயம் நல்லாத்தான் இருக்காம்."

"ஆமா, நல்லாத்தான் இருக்கு," என்றாள் சிசுரு, கண்ணாடிக் குழாயைப் பார்த்தபடி.

அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். பிறகு எலி இதயத்துக்கு உப்புநீர் போகும் திருகை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.