வைஃபைக்கு வைத்த பெயர்

ஒட்டிலியா அம்மாள் வீட்டு ரவுட்டரைச் சோதிக்க வந்த ரமிரோ நிமிர்ந்தான்.

“டோன்யா ஒட்டிலியா, வெளிநாட்டுலேருந்து எவனோ உள்ள புகுந்து உங்க வைஃபை பேரையே மாத்தியிருக்கான். பாஸ்வேர்டை மாத்தி அடைச்சிடறேன். இல்லேன்னா பேங்குல இருக்கறதையும் உருவிடுவான்.”

“என்ன பேரு வெச்சிருக்கான்?”

“‘ஆசீர்வாதம், அம்மா’ன்னு. திருட வந்தவனுக்குக் கொழுப்பைப் பாருங்க.”

ஒட்டிலியா ரவுட்டர் அருகே வந்தாள். வெனிசுவேலாவில் எங்கள் மரக்காய்போ ஊரில் வாசல் தாண்டும் பிள்ளை தாயிடம் கேட்பது அது. தாய் பதில் சொன்னால்தான் கால் நகரும். சிலிக்குக் கிளம்பிய மகன் அப்படிக் கேட்டபோது அவள் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினாள். பிறகு அவனுடைய அழைப்பு எதையும் எடுக்கவில்லை. இந்த ரவுட்டரை மாட்டி, பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்தவனே அவன்தான்.

“அடைக்காதப்பா. பேரை எப்படி மாத்தறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு.”

“என்னன்னு மாத்தணும்?”

“‘கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகனே’ன்னு.”