காலி டிரெய்லர்

"அப்பா காரை வெட்டித்தான் இதைச் செஞ்சியாடா?"

ஊரிலிருந்து வந்து இறங்கிய அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்ற டிரெய்லரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஜின் போனதுல இருந்து துருப்பிடிச்சு நின்னுதுக்கா. பின்பக்க அச்சு, ஸ்பிரிங் பட்டை, சக்கரம் மட்டும் கழட்டி வச்சுக்கிட்டேன். மேல நானே பலகை அடிச்சேன்." தம்பிக்குத் தச்சு வேலை.

"மிச்சம்?"

"காயலான் கடைக்குப் போயிடுச்சு."

அக்காவுக்குக் கண் கலங்கியது. அந்தப் பின் சீட்டில்தான் ஜன்னல் ஓரத்துக்காக இருவரும் அடித்துக்கொள்வார்கள். வெயிலில் ரெக்சின் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். "இறங்கும்போது சீட்டை விட்டுட்டு இறங்குங்க" என்பார் அப்பா. அவர் போய் ஒரு வருஷம். இப்போது காரும் போச்சு.

டிரெய்லர் ஓரத்தில் உட்கார்ந்தாள். 'கிரீச்' என்றது.

"ஐயோ, அதே சத்தம்!" அழ வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது தெருமுனையில கேட்டா டிவியை அணைச்சுட்டுப் புத்தகத்தை விரிப்போமே!"

"நீ தலைகீழா விரிப்பே."

அக்காவோடு வந்திருந்த அத்தானுக்கு அந்தச் சத்தத்தில் பல் கூசியது. எதையும் ரிப்பேர் பண்ணாமல் அவரால் இருக்க முடியாது. மாமியார் வீட்டுக்கு வந்தால் முதலில் ஒழுகும் குழாயைப் பார்ப்பார், அப்புறம்தான் மாமியாரைப் பார்ப்பார்.

"இவ்வளவு செஞ்சவன் ரெண்டு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா மச்சான்?"

"இருக்கட்டும் அத்தான். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

"சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு" என்று முணுமுணுத்தார் அத்தான்.

பொழுது சாயும் நேரத்தில் தம்பி வேனில் டிரெய்லரை மாட்டினான்.

"எங்கடா கிளம்பிட்டே?"

"தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்க்கா. தினமும் போறதுதான்."

"காலி டிரெய்லரை இழுத்துக்கிட்டா? டீசல் என்ன தண்ணியா?" என்றார் அத்தான்.

தம்பி வேனைக் கிளப்பினான். வேனுக்குப் பின்னால் டிரெய்லர் முனகாமல் போனது. அத்தான் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். மத்தியானம் எல்லோரும் கண் அயர்ந்தபோது, தையல் மெஷின் எண்ணெயை முழுசாக அந்த ஸ்பிரிங்கில் கவிழ்த்திருந்தார்.

"பாத்தியா? இவ்வளவுதான் வேலை!"

அவர்கள் உள்ளே வந்தபோது அம்மா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். எவ்வளவு என்று சொல்லவில்லை.

"சாப்பிடும்மா" என்றாள் அக்கா.

"இரு கண்ணு."

வேன் திரும்பி வந்து நின்றது. தம்பி வெளிறிய முகத்தோடு உள்ளே ஓடிவந்தான்.

"அத்தான், எண்ணெய் விட்டீங்களா?"

அத்தான் பெருமையாகத் தலையாட்டினார்.

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "எனக்கு வேண்டாம்."

"ஏம்மா, பசிக்கலையா?"

"பசிக்காம என்ன! உங்கப்பா வீடு வந்து சேராம எனக்கு எப்படி இறங்கும்? அவர் வண்டிச் சத்தத்தை இன்னும் காணோமே." அம்மா ஜன்னல் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள்.

"ஆறு மாசமா இப்படித்தான்க்கா" என்றான் அவன் மெல்ல. "சத்தம் கேட்டுட்டா, 'வந்துட்டார், கை கால் கழுவிட்டு வரட்டும்'னு சொல்லிட்டு நிம்மதியா சாப்பிட ஆரம்பிச்சுடுவாங்க. சத்தம் இல்லேன்னா ஒரு வாய் இறங்காது."

அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வாசலுக்கு நடந்தார்.

"மச்சான், அந்த எண்ணெயைக் கழுவணும். மண்ணெண்ணெய் எங்கே இருக்கு?"