ழகரத் திருத்தம்

யானைகளின் கழுத்துப்பட்டை தெரிவிக்கும் பசியையும் நோவையும் போகும் வழியையும் மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவதுதான் கூடலூர் கண்காணிப்பு அறையில் முத்துப்பேச்சியின் வேலை. அவள் பேசுவதை இயந்திரம் எழுதிக்கொள்ளும். ஆனால் அவள் நாக்கில் ழகரம் நிற்காது. “யானை போற வலி” என்று திரையில் விழுந்ததும் பக்கத்து இருக்கைத் தனபால், “ஏ பேச்சி, தைலம் தேச்சுவிட்டியா?” என்பான். கேலிக்குக் கூசி, எல்லா ‘வலி’யையும் ‘வழி’யாக மாற்றும்படி இயந்திரத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு திருத்தம் போட்டுவைத்தாள்.

நான்காம் நாள் மருத்துவர் கூப்பிட்டார்.

“ஏம்மா, எட்டாம் நம்பர் யானைக்குக் காலெல்லாம் சீழ். நீ மூணு நாளா ‘எட்டுக்கு வழி’ன்னே அனுப்பியிருக்க. போக வழி கேக்குதுன்னு நாங்க முகாம் கேட்டைத் தொறந்து விட்டுட்டோம். அந்தக் காலோடயே இருபது மைல் நடந்திருக்கு.”

“மிஷின் கோளாறு சார்” என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய் கசந்தது.

திரையில் எட்டின் பட்டை நோவைக் காட்டி மறுபடியும் சிவந்தது. பேச்சி திருத்தத்தை நீக்கிவிட்டு மருத்துவரை அழைத்தாள்.

“கோளாறு என்னோடது சார்” என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி. “எட்டுக்கு வலி.”

தனபால் சிரிக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.