நாலாவது கை

ஆத்மநாதன் நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு கமிட்டி ஆபீஸை விட்டு இறங்கினார்.

நாற்காலிக் கால் கதவு நிலையில் இடித்தது. வாசலருகே உட்கார்ந்திருந்தவன் எழுந்து வழிவிட்டான்.

அவர் தெரு திரும்பும்வரை யாரும் சிரிக்கவில்லை. திரும்பியதும் எண்ணெய்க்கடை வெள்ளைச்சாமி ஆரம்பித்து வைத்தார்.

சிரிக்க ஒன்றுமில்லை. நாற்காலி அவருடையது. ஆறு வருஷம் தலைவராக இருந்தவர், வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கட்சிக்கு அவர் கொடுத்ததில் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடிந்தது அது ஒன்றுதான்.

ராஜாவின் சமஸ்தானம் ஒழிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஊருக்குப் புதிதாகப் பஞ்சாயத்து போர்டு வரப்போகிறது, கமிட்டித் தலைவர் யாரோ அவர்தான் போர்டுக்கும் தலைவர் என்று பேச்சு. அதுவரை எங்கள் கமிட்டியை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் ஓடிப்போய்க் கதர் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

அழகுமலை வாங்கிய கதரில் கடை மடிப்புகூடக் கலையவில்லை. ராஜா இந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் வாழை மரம் கட்டித் தோரணம் போட்டவர். இப்போதும் அதே தோப்பு வாழை, அதே தோரணம். கொடி மட்டும் வேறு.

ஆத்மநாதனையும் பெரிய மனிதர் என்று சொல்லமாட்டேன். ஜெயிலில் மூன்று வாரம் இருந்ததை ஆறு வருஷம் பேசினார். களி தின்ற கதையை எத்தனை தடவைதான் கேட்பது? கிழக்குத் தெரு ஆட்களை ஊருணியில் இறங்க விடவேண்டும் என்பதையும் அதே ஆறு வருஷம் பேசினார். தீர்மானமாக எழுதிக் கொண்டுவந்தது அன்றைக்குத்தான்.

அதுதான் அவர் செய்த தப்பு. பேசிக்கொண்டே இருந்திருந்தால் சாகும்வரை தலைவராக இருந்திருக்கலாம்.

கிழக்குத் தெருவுக்குக் கிணறு கிடையாது. பெண்கள் குடத்தோடு ஊருணிக் கரையில் நிற்பார்கள். படியில் இறங்கும் உரிமை உள்ளவர்கள் யாராவது பார்த்து மொண்டு, எட்ட நின்று ஊற்றினால் உண்டு. ஆடி மாதம். ஊருணியில் தண்ணீர் கடைசிப் படிக்குப் போயிருந்தது. ஊற்றுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

அவர் தீர்மானத்தைப் பிரிப்பதற்குள் வெள்ளைச்சாமி எழுந்தார். தலைவருக்கு வயதாகிவிட்டது, ஓய்வு கொடுக்கவேண்டும், அழகுமலை பெயரை முன்மொழிகிறேன் என்றார்.

கமிட்டியில் ஏழு பேர்.

அழகுமலை தன் கையைத் தானே தூக்கினார். வெள்ளைச்சாமி தூக்கினார். மூன்றாவது கை வெள்ளைச்சாமியின் மைத்துனருடையது. இவர் கொட்டாவி விட்டால் அவரும் விடுவார்.

நாலாவது கை எழ நேரமானது.

அந்தக் கைக்காரன் கிழக்குத் தெரு. கமிட்டியில் எல்லாச் சனமும் உண்டு என்று காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டவன். வாசற்படிக்கு உள்ளே, பாய்க்கு வெளியே உட்காருவான். ஊருணிக்காக ஆத்மநாதன் வீட்டுக்கு நடையாய் நடந்தவனும் அவன்தான். நச்சரித்து நச்சரித்துத் தீர்மானத்தை எழுத வைத்தவனும் அவன்தான்.

முதல் நாள் அழகுமலை அவனைத் தன் களத்துக்குக் கூப்பிட்டுவிட்டிருந்தார்.

"ஒன்ன மாதிரி ஆளுதாண்டா போர்டுக்கு வேணும். வேலை இருக்கு. காக்கிச் சட்டை தருவோம்."

என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை. சட்டை என்ற சொல்லிலேயே வாய் அடைத்துப்போயிற்று. அற்பப் பயல்.

கை எழுந்தது. நாலுக்கு மூன்று.

ஆத்மநாதன் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தீர்மானத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கினார்.

அவர் போனபின் அழகுமலைக்கு உட்கார இடமில்லை. பாயில் உட்காரும் தலைவராக இருக்க அவருக்கு இஷ்டமில்லை. நின்றுகொண்டே முதல் தீர்மானத்தைச் சொன்னார். கமிட்டிக்கு ஒரு நாற்காலி.

கறம்பக்குடித் தச்சரிடம் சொல்லிச் செய்வதா, புதுக்கோட்டையில் போய் வாங்குவதா, கை வைத்ததா, வைக்காததா என்று அரை மணி நேரம் பேசினார்கள். ஏகமனதாக நிறைவேறியது. கை வைத்தது.

ஆத்மநாதன் பக்கத்து ஆள் ஒருவர் மெல்ல, "அந்த ஊருணி விசயம்..." என்று இழுத்தார்.

"ஊருணி எங்கய்யா ஓடிப் போகப்போகுது? மொதல்ல நான் ஒக்காந்துக்கிறேன்," என்றார் அழகுமலை.

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நாலாவது கைக்காரனும் சிரித்தான்.

போர்டு வந்தது. அழகுமலை அதற்கும் தலைவரானார். முதல் கூட்டத்திலேயே ஊருணியை எடுத்துக்கொண்டார். அதன் சுத்தத்தைக் காப்பாற்ற ஒரு காவல்காரனைப் போடுவது என்று முடிவானது. மாடு இறங்கக்கூடாது என்று நோட்டில் எழுதினார்கள். வேறு யார் இறங்கக்கூடாது என்பதை வாயால் சொன்னார்கள்.

காவல்காரனுக்குக் காக்கிச் சட்டையும் மூங்கில் கம்பும் கொடுத்தார்கள். சட்டை தோளில் கொஞ்சம் பெரிது.

மறுநாள் காலையில் கிழக்குத் தெருவிலிருந்து முதலில் வந்தவள் மூக்காயி. குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. கம்பைப் பார்த்தாள். சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"காவக்காரரே, யாரையாச்சும் ஒரு கொடம் ஊத்தச் சொல்றீங்களா?"

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் என்னை மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.